கூட்டமில்லாத ஒரு சரிவு

ஜனவரி 30, செவ்வாய்

இருந்தவர்கள்: நரம்பு வைத்தியர் அம்மா, மொழிபெயர்க்க ஆஸ்பத்திரியால் கூப்பிட்ட தம்பி, என் கணவர் அலோசியஸ், நான். மகளுக்கென்று ஐந்தாவதாக ஒரு கதிரை போட்டிருந்தார்கள். அதில் என் கைப்பையை வைத்தேன்.

இது என்ன மாதம் என்று வைத்தியர் அவரிடம் கேட்டார். அவர் யோசித்துவிட்டு "சீசன்" என்றார். வைத்தியர் சிரித்தார். அவர் பகிடிக்குச் சொல்லவில்லை. இருபத்தாறு வருடம் மலை ஹோட்டலில் கோப்பை கழுவியவருக்கு ஆண்டில் இரண்டு மாதம்தான். ஒன்று சீசன், மற்றது சீசன் இல்லாதது.

அவருக்குப் பிடித்தது என்ன என்று என்னைக் கேட்டார். செபமாலை என்றேன். அவர் யன்னலைப் பார்த்துக்கொண்டே "ஸ்கீ" என்றார்.

வைத்தியர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு நிறையச் சொன்னார். தலை மறந்ததைச் சிலருக்கு உடம்பு வைத்திருக்கும். பனியில் சறுக்கி ஓடட்டும். ஆனால் கூட்டம் கூடாது, குறுக்கே வருகிறவர்களை இவரால் கணிக்க ஏலாது. செங்குத்தும் கூடாது. ஒரேயடியாகத் தட்டையாக இருந்தாலும் புத்தி அலைந்துவிடும். நடுத்தரமான சரிவு வேண்டும். ஸ்கீ தெரிந்த ஒருவர் பக்கத்திலேயே ஓட வேண்டும், தனியே ஒருநாளும் விடக் கூடாது. கடைசியாக ஒரு வசனம் சொன்னார். அந்தத் தம்பி அதை "அடுத்த மாரியையும் பாப்பம் எண்டு சொல்லுறா, அம்மா" என்று மொழிபெயர்த்தார்.

எனக்கு ஜெர்மன் விளங்கும். அவர் ஓட இந்த மாரிதான், இந்தப் பனிக்காலம்தான் கடைசி என்று சொன்னா.

வரும் வழியில் பாண், லீக்ஸ், அவருடைய மாத்திரை. மாலை அவருடைய உள்ளாடைகளில் பெயர் தைத்தேன்.

பெப்ரவரி 2, வெள்ளி

கோவிலில் மந்திரித்த மெழுகுதிரி இரண்டு கொண்டுவந்தேன்.

பொதி கொண்டுவந்த மனிசனுக்கு அவர் நெற்றியில் சிலுவை போட்டுவிட்டார். அந்த மனிசனும் பொறுமையாகக் குனிந்து நின்று வாங்கிக்கொண்டு போனார். எங்கள் வேதக்கார வீடுகளில் பிள்ளை படி தாண்ட முன் தகப்பன் பெருவிரலால் அப்படிப் போட்டுவிடுவது. மேலிருந்து கீழே ஒரு கோடு, குறுக்கே ஒரு கோடு. பள்ளிக்குப் போனாலும் அதுதான், பிரயாணம் போனாலும் அதுதான். எங்கள் மகள் மெற்றில்டா சின்ன வயதில் அது வாங்காமல், சரிவின் மேலே இழுத்துப்போகிற லிஃப்ற்றில் ஏற மாட்டாள். மலை முழுக்க ஆட்கள் பார்த்துக்கொண்டு நிற்க, ஹெல்மெற்றைப் பின்னால் தள்ளிவிட்டுக் குனிவாள்.

இப்போது அவர் எல்லாருக்கும் போடுகிறார். நேற்றுக் கீழ்வீட்டு நாய்க்கும் கிடைத்தது.

மெற்றில்டாவுக்கு மட்டும் நாலு வருடமாக இல்லை. அவள் றெத்தோவைப் பதிவுத் திருமணம் செய்தாள். கோவிலில் கட்டவில்லை என்பது ஒரு பக்கம். றெத்தோ பிர்க்மத்த ஹோட்டல்காரியின் மகன் என்பதுதான் இவருக்குப் பொறுக்கவில்லை. "நான் இருபத்தாறு வருசம் அந்த வீட்டுக் கோப்பை கழுவினது நீ அந்தக் கோப்பையில சாப்பிடுறதுக்கில்லை" என்றார். அதற்குப் பிறகு அவளோடு கதைத்ததில்லை. பெயரையும் வீட்டில் சொன்னதில்லை.

பெப்ரவரி 5, திங்கள்

எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவள் நான். ஜெர்மன் மொழியை வானொலிக் காலநிலை அறிக்கையிலிருந்து பொறுக்கினேன். அதனால் பனியைப் பற்றிய சொற்கள் எல்லாம் தெரியும். மனிதரோடு கதைக்கிற சொற்கள்தான் குறைவு.

இன்று காலையிலிருந்து இடம் தேடுகிறேன். பெயர்பெற்ற மலைகளை முதலே வெட்டிவிட்டேன், அங்கே திருவிழாக் கூட்டம். இந்த நாட்டில் ஒவ்வொரு மாநிலத்துக்கும் பள்ளிக்கூடப் பனி விடுமுறை வேறுவேறு வாரம். ஒரு மாநிலம் விட்டு இன்னொன்று தொடங்கும் இடைவெளியும், அதில் ஒரு செவ்வாயும் எனக்கு வேண்டும். செவ்வாயில்தான் ஆள் குறைவு. சரிவுக்கு நிறம் போட்டிருக்கிறார்கள். நீலம் சின்னப் பிள்ளைகளுக்கு, கறுப்பு விசரருக்கு, நடுவில் சிவப்பு. சிவப்பிலும் மெல்லிய சிவப்பு எனக்கு வேண்டும். அதை எந்தப் படமும் காட்டாது. தொலைபேசியில் கேட்டால் எல்லாரும் தங்கள் மலை அருமையான மலை என்கிறார்கள்.

நாலு இடம் எழுதினேன். எர்லிபேர்க் முதலாவது. பிர்க்மத்தவை எழுதவில்லை.

பெப்ரவரி 6, செவ்வாய்

பல்லுக்குப் போனேன்.

அங்கே மெற்றில்டா தேத்தண்ணி ஊற்றிக்கொண்டே, "அம்மா, உங்கட பல்லு இன்னும் எத்தினை வருசத்துக்கு நோகும்?" என்று கேட்டாள்.

"நீ சீனியைக் குறைச்சுப் போடு" என்றேன். அவர் முன்பெல்லாம் நான் எழுதுவதை எடுத்து வாசிப்பார். இப்போது வாசிப்பதில்லை. ஆனாலும் மகளிடம் போனதைப் பல்லென்று எழுதக் கை பழகிவிட்டது.

வைத்தியர் சொன்னதைச் சொன்னேன். மகள் கோப்பையைச் சுற்றிச் சுற்றிப் பிடித்தாள்.

"கூட ஓடுறதுக்கு ஆர் இருக்கினம்?"

"அதுதான் வந்தனான்."

"என்னைக் கண்டா அவர் ஒரு அடி எடுத்துவைக்க மாட்டார், அம்மா."

"ஹெல்மெற் போட்டு, கண்ணாடி போட்டு, சால்வையை மூக்குவரைக்கும் இழுத்துவிட்டா ஆருக்குத் தெரியும்? மலையில எல்லாருக்கும் ஒரே முகம்தானே."

"அப்ப நான் ஆர்? ஸ்கீ ரீச்சரோ?"

"நான் பொய் சொல்லமாட்டன். கூட ஓடுற பிள்ளை எண்டு சொல்லுவன்."

"பொய் சொல்லமாட்டா" என்று சுவரைப் பார்த்துச் சொன்னாள். "நாலு வருசமாப் பல்லுக்குப் போறா."

இரண்டு பேரும் சிரித்தோம். பிறகு அவள் சிரிக்கவில்லை. தனக்குத் தகப்பனிடமிருந்து வேறொன்றும் வேண்டாம், ஒருமுறை நெற்றியில் போட்டுவிட்டால் காணும், அது போதும் என்றாள். "ஆனா ஆருக்குப் போடுறன் எண்டு தெரிஞ்சு போடவேணும். நாய்க்குப் போடுற மாதிரி வேண்டாம்."

நாய்க் கதையை நான்தான் அவளுக்குச் சொல்லியிருந்தேன். சொல்லியிருக்கக் கூடாது.

பெப்ரவரி 13, செவ்வாய்

எர்லிபேர்க் சரிவரவில்லை.

கூட்டம் இருக்காது என்றார்கள். மஞ்சள் அங்கி போட்ட ஒரு பள்ளிக்கூட வகுப்பு முழுவதும் அங்கே நின்றது. சரிவும் மேசை மாதிரித் தட்டை. இரண்டாம் தரம் இறங்கும்போது அவர் நடுப் பாதையில் நின்றுவிட்டார். பிள்ளைகள் இரண்டு பக்கமும் பறந்து போனார்கள். அவர் கையுறையைக் கழற்றித் தன் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். கீழே நின்று நான் செபமாலையில் ஒரு காரணிக்கம், பத்து மணியும் சொல்லி முடித்தேன். மெற்றில்டா ஒரு வார்த்தையும் பேசாமல் அவருடைய தடியின் நுனியைப் பிடித்து, பின்பக்கமாகச் சறுக்கிச் சறுக்கி அவரைக் கீழே கொண்டுவந்து சேர்த்தாள்.

திரும்பி வரும் பஸ்ஸில் அவள் ஹெல்மெற்றோடும் கண்ணாடியோடும் முன் இருக்கையில் இருந்தாள். "அந்தப் பிள்ளைக்குத் தலையிடி போல" என்றார் இவர்.

பெப்ரவரி 14, புதன்

விபூதிப் புதன். சாம்பல் பூசி வந்தவுடன் கண்ணாடியில் பார்த்து, முகத்தில் கரி பட்டிருக்கிறது என்று துடைத்துவிட்டார். மத்தியானம் கஞ்சி. அவரிடம் ஒருசந்தி நோன்பு என்று சொல்லவில்லை, முட்டை பொரித்துக் கொடுத்தேன்.

பெப்ரவரி 23, வெள்ளி

சிலுவைப் பாதை முடிந்து வெளியே வர றஞ்சி பிடித்துக்கொண்டாள். செபக்குழுவில் என்னைவிட இளையவள், வாய் மூத்தது.

"என்னக்கா, தவக்காலத்தில அண்ணையைப் பனியில விளையாடக் கூட்டிக்கொண்டு திரியிறியளாம்?"

"வைத்தியர் சொன்னவ."

"எங்கட அவருக்கும் சொல்லச் சொல்லுங்கோ. சோபாவை விட்டு எழும்பட்டும்." பிறகு குரலைத் தாழ்த்தினாள். "கூட ஒரு பெட்டை ஓடுறாளாம். ஆரக்கா அது?"

"மலையில எல்லாருக்கும் ஒரே முகம்" என்றேன்.

இங்கே ஒரு மலையில் தும்மினால் மறுநாள் கோவிலில் தைலம் கொண்டுவந்து தருவார்கள். கூட்டமில்லாத இடம் என்பதில் தமிழர் இல்லாத இடம் என்பதையும் இனிச் சேர்க்க வேண்டும்.

பெப்ரவரி 27, செவ்வாய்

ஹோன்வாங்க். ஆட்கள்: லிஃப்ற்காரர், ஒரு வயதான தம்பதி, நாங்கள் மூவர். ஒரே ஒரு சரிவு. மேலே சிவப்பு, பாதிக்குக் கீழே நீலமாகிவிடுகிறது. இதைத்தான் தேடினேன். கண்டவுடன் பூசையில் நன்மை அப்பம் வாங்கப் போகிறவள் மாதிரிக் கையைக் கூப்பிவிட்டேன்.

வீட்டில் எந்தச் சப்பாத்து எந்தக் காலுக்கு என்று தெரியாமல் நிற்கிற மனிதர். அங்கே முழங்கால் தானாக மடிந்தது. தோள் அசையவில்லை. இடமும் வலமும் அவர் திரும்பியபோது பனி அவருக்கு இடம் விட்டுக் கொடுத்தது போல இருந்தது. ஹோட்டல்காரர் மத்தியான வேலைக்கும் இரவு வேலைக்கும் நடுவில் விடும் ஓய்வை சிம்மர்ஸ்டுண்ட என்பார்கள். மற்ற வேலைக்காரர் அந்த நேரம் படுத்து எழும்புவார்கள். இவர் யாரோ விட்டுவிட்டுப் போன ஸ்கீயைக் கட்டிக்கொண்டு ஹோட்டலுக்குப் பின்னால் இருந்த லிஃப்ற்றுக்குப் போய்விடுவார். அப்படிப் பழகியது. மெற்றில்டாவையும் அப்படித்தான் பழக்கினார். இன்று அவள் பின்னால் வந்தாள். இரண்டு பேரும் திரும்புகிற விதம் ஒன்றுதான். அதை மறைக்க ஹெல்மெற் கிடையாது.

மூன்றாம் தரம் இறங்கி என்னிடம் வந்தார். தேத்தண்ணி கொடுத்தேன்.

"பெனா" என்றார். பெனடிக்ரா என்ற பெயரை அவர் அப்படிக் கூப்பிட்டுக் கனகாலம்.

"என்ன?"

"நான் மறந்துகொண்டு போறன், என்ன?"

"ஓம்."

"கனநாளாவோ?"

"இரண்டு வருசம்."

"சொல்லியிருக்கலாமே."

"சொன்னனான்."

கொஞ்சம் யோசித்தார். "அப்ப அதையும் மறந்திட்டன்" என்று சிரித்தார். பழைய சிரிப்பு. பல் இல்லாத இடத்தைக் கையால் மறைக்கிற சிரிப்பு.

அந்த நேரம் முழு மனிதராக இருந்தார். இதற்குத்தானே கேட்டேன் என்று மாதாவிடம் சொன்னேன்.

மறுபடி லிஃப்ற்றடிக்குப் போனார்கள். நான் பிளாஸ்கைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனேன். மெற்றில்டா கண்ணாடியை மேலே தள்ளி, ஹெல்மெற்றைப் பின்னால் சாய்த்து, அவர் முன்னால் குனிந்து நின்றாள். பழக்கத்தில் செய்தாளோ வேண்டுமென்று செய்தாளோ, நான் கேட்கவில்லை. அவருடைய பெருவிரல் தானாக வந்தது. மேலிருந்து கீழே ஒரு கோடு. பிறகு அவள் கண்ணைப் பார்த்தார். விரல் அவளுடைய இரண்டு புருவத்துக்கும் நடுவில் நின்றது. குறுக்கே, குறுக்கே என்று நான் மனதுக்குள் சொன்னேன்.

விரலை எடுத்துவிட்டார். கையுறையை மெதுவாகப் போட்டார்.

"ஆர் உன்னை இஞ்ச வரச்சொன்னது?"

சத்தம் போடவில்லை. என்னைத் திரும்பிப் பார்த்து, "உனக்கும் தெரியும், என்ன" என்றார். லிஃப்ற்றைப் பிடித்து மேலே போய்விட்டார். தனியே விடக் கூடாது என்று வைத்தியர் சொன்னதால் அவள் கண்ணாடியை இறக்கிவிட்டு அடுத்த கம்பியைப் பிடித்துப் பின்னால் போனாள்.

அவர் அவ்வளவு அழகாக ஓடி நான் பார்த்ததில்லை.

ரயிலில் அவள் எங்களுக்குப் பின் இருக்கையில் இருந்தாள். இரண்டு நிலையம் கடந்திருக்கும். முகம் தளர்ந்து, வழக்கமான முகத்துக்கு வந்துவிட்டார்.

"அந்தப் பிள்ளை நல்லா ஓடுறாள்" என்றார். "ஆரின்ர பிள்ளை?"

தெரியாது என்றேன். கொஞ்சம் பொறுத்துத் திரும்பவும் கேட்டார். தெரியாது என்றேன்.

பெப்ரவரி 28, புதன்

துணி தோய்த்தேன். அவருடைய கையுறையைத் தோய்க்கவில்லை.

மார்ச் 1, வெள்ளி

சிலுவைப் பாதைக்குப் பிறகு எட்மன் சுவாமியிடம் கேட்டேன். ஆள் தெரியாமல் ஒருவர் போட்டுவிடும் ஆசீர்வாதம் செல்லுமா? ஆள் தெரிந்து பாதியில் விட்ட ஆசீர்வாதம் எந்தக் கணக்கில் சேரும்?

சுவாமி நல்லவர், இளம் ஆள். நெற்றியைத் தடவினார். "இதை நான் பெரிய சுவாமி ஒருத்தரிட்டக் கேட்டுத்தான் சொல்லவேணும் அம்மா. எழுதிப் போடுறன்" என்றார்.

மார்ச் 5, செவ்வாய்

பல்லுக்குப் போனேன். றெத்தோ வேலைக்குப் போயிருந்தார். போகுமுன் எனக்கென்று இனிப்பு ரொட்டி சுட்டு வைத்திருக்கிறார். தவக்காலம், இனிப்புத் தொடுவதில்லை என்றேன். மெற்றில்டா கடதாசியில் சுற்றிப் பையில் வைத்துவிட்டாள்.

"ஹோன்வாங்க்குக்கு இன்னொருக்காப் போவம்" என்றேன். "அண்டைக்குத் திடீரெண்டு கண்டதால அப்பிடி."

"இல்லை அம்மா. அவர் அவராகத்தான் இருந்தார். என்னை ஆரெண்டு தெரிஞ்சுதான் கையை எடுத்தவர்."

"பாதி போட்டவர்தானே."

"தெரியமுன்னம் போட்டது அந்தப் பாதி."

அவள் சொன்னது கணக்கில் சரி. சரிவு நல்லதாக இருந்து அவருக்கு நினைவு வந்தால் அவளை விலக்குகிறார். நினைவு போனால் யாருக்கும் போடுகிறார். நான் ஒரு மாதமாகத் தேடித் திரிந்தது அவருக்கு நினைவு வருகிற மலையை.

"எண்டாலும் கூட ஓட வருவன்" என்றாள். "கண்ணாடியைக் கழற்றமாட்டன்."

ரொட்டியை அவர் சாப்பிட்டார். நல்ல ரொட்டி, எந்தக் கடை என்று கேட்டார்.

மார்ச் 9, சனி

மூன்று நாளாக மழை. மலையிலும் மழைதானாம். ஹோன்வாங்க்கில் புல் தெரிகிறது, லிஃப்ற்றை நிறுத்திவிட்டார்கள். மற்ற இரண்டு இடத்துக்கும் எடுத்தேன். ஒன்றில் யாரும் தூக்கவில்லை. மற்றதில் ஒரு பெண் சிரித்து, அம்மா, இனி அடுத்த மாரிக்கு வாருங்கள் என்றாள்.

எழுதிய நாலையும் வெட்டியாயிற்று. உயரமான மலைகளில் பனி இருக்கிறது. கூட்டமெல்லாம் இப்போது அங்கேதான் ஏறுகிறது.

செபமாலையில் துக்க தேவரகசியம் மட்டும் சொல்கிறேன். மற்றதுக்கு நா வரவில்லை.

மார்ச் 12, செவ்வாய்

காலையில் ஸ்கீச் சப்பாத்தோடு பஸ் தரிப்பிடத்தில் நின்றார். ஓடிப்போய்ப் பிடித்தேன்.

"சிம்மர்ஸ்டுண்ட முடியப் போகுது, விடு" என்றார்.

"இண்டைக்கு லீவு."

"லீவோ? அப்ப மெற்றி எங்க? பள்ளிக்கூடத்தால வந்திட்டாளோ? சப்பாத்து நனைஞ்சிருக்கும், பேப்பர் அடைஞ்சு ஹீற்றருக்குப் பக்கத்தில வை."

நாலு வருடத்துக்குப் பிறகு அவர் வாயால் அந்தப் பெயர். வந்துவிட்டாள், சாப்பிடுகிறாள் என்றேன். வீட்டுக்கு வந்து சப்பாத்துத் தட்டைப் பார்த்தார். சின்னச் சப்பாத்து இல்லை. என்னைப் பார்த்தார். அழ வந்த மாதிரி இருந்தது. பிறகு அது எதற்கு என்று அவருக்கே தெரியவில்லை.

லீக்ஸ் கறி அடிப்பிடித்துவிட்டது.

மார்ச் 15, வெள்ளி

மழை. சுவாமியிடமிருந்து ஒன்றும் வரவில்லை.

மார்ச் 17, ஞாயிறு

காலநிலை அறிக்கையில் வாசித்தார்கள்: தாழ்ந்த மலைகளில் இன்னும் ஓடுவது ஒரே ஒரு லிஃப்ற். பிர்க்மத்த. வடக்குப் பார்த்த சரிவு, வெயில் விழாது. மெல்லிய சிவப்பு. ஹோட்டலில் ஆட்கள் குறைவு, மார்ச்சில் எப்போதும் குறைவு. இதெல்லாம் எனக்குத் தேடத் தொடங்கிய நாளிலிருந்தே தெரியும். இருபத்தாறு வருடம் அந்த மலை சாப்பாடு போட்ட வீடு இது.

பூசைக்குப் போய்வந்து தொலைபேசி எடுத்தேன். றெத்தோவின் தாய், சம்பந்தி அன்னலீஸ்தான் தூக்கினா. நாலு வருடத்தில் நாங்கள் கதைத்ததில்லை. நான் பெனடிக்ரா என்றேன். தெரிகிறது என்றா.

லிஃப்ற் எத்தனை நாள் ஓடும் என்று கேட்டேன். வியாழன்தான் கடைசி, அதற்குப் பிறகு பனி பிடிக்காது என்றா. ஆட்கள் இருப்பார்களா என்றேன். பத்துப் பேர்கூட இராது என்றா. அலோசியஸுக்கு மறதி வருத்தம், அதுதான் என்று தொடங்கினேன். மெற்றில்டா சொன்னவள் என்றா.

"நீங்கள் வெளியே வர வேண்டாம்" என்று கேட்டேன். இதைச் சொல்லத் தேவையான சொற்களை நான் காலையிலிருந்து பாடமாக்கியிருந்தேன்.

"வர மாட்டேன். யன்னல் பக்கமும் வர மாட்டேன். றெத்தோவையும் பட்டணத்துக்கு அனுப்பிவிடுகிறேன்." பிறகு, "ஐந்து மணியானால் இரவு வேலைக்கென்று அவர் சமையலறைக்கு வருவாரே. வந்தால் என்ன செய்ய?" என்று கேட்டா.

அதை நான் யோசிக்கவில்லை. கழுவ விடுங்கள் என்றேன்.

சரி என்றா. ஒரு சின்ன அடுக்குக் கோப்பையைக் கழுவாமல் வைத்திருக்கிறேன் என்றா.

தொலைபேசியை வைத்தபிறகு யோசித்தேன். நன்றி சொன்னேனா இல்லையா என்று ஞாபகமில்லை.

மார்ச் 19, செவ்வாய்

சூசையப்பர் திருநாள். தகப்பன்மாருக்காகச் செபித்தார்கள். அவர் பக்கத்து வாங்கில் இருந்த எல்லாருக்கும் சிலுவை போட்டார். றஞ்சிக்கும் கிடைத்தது. அவள் ஒன்றும் பகிடி சொல்லவில்லை, குனிந்து வாங்கினாள். சுவாமி என்னைக் கண்டு, இன்னும் பதில் வரவில்லை அம்மா என்று தலையை ஆட்டினார்.

பல்லுக்குப் போகவில்லை. மகளிடம் போனேன். வீட்டில் இல்லை. படியில் கொஞ்ச நேரம் இருந்துவிட்டு வந்து, இதைத் தொலைபேசியில் எழுதி அனுப்பினேன். அனுப்பியதை இங்கேயும் எழுதி வைக்கிறேன்.

மெற்றி, வியாழக்கிழமை பிர்க்மத்தவில லிஃப்ற் ஓடும். அதுதான் கடைசி நாள். உன்ர மாமியோட நான் கதைச்சிட்டன். ஆக்கள் இருக்கமாட்டினம். அப்பாவைக் காலமை ஓடவிடப்போறதில்லை, காலமையில அவருக்குத் தெளிவு கூட. மத்தியானம் களைச்சாப்போலதான் கூட்டிக்கொண்டு வருவன். அந்த மலையில, அந்த நேரத்தில, அவருக்கு அது சிம்மர்ஸ்டுண்ட. நீ ஹெல்மெற்றைப் பின்னால தள்ளிக்கொண்டு நிண்டா உன்ர பேரைச் சொல்லுவார். ஆருக்குப் போடுறன் எண்டு தெரிஞ்சுதான் போடுவார், முழுசாப் போடுவார். ஆனா அவருக்கு அங்க உனக்கு எட்டு வயசு. முப்பது வயசு மெற்றில்டாவுக்கு அவரிட்ட ஒண்டும் இல்லை பிள்ளை. நான் ஒவ்வொரு மலையாத் தேடிப் பாத்திட்டன். இல்லை. வியாழனுக்குப் பிறகு அந்த எட்டு வயசுக்காரிக்கும் இல்லை. இது காணும் எண்டா வா. காணாது எண்டா நான் கோவிக்கமாட்டன், ஆனா அவரைத் தனிய ஓடவிடேலாது, அப்ப நாங்கள் போகேல்ல எண்டு அன்னலீஸுக்குச் சொல்லவேணும், அவ கோப்பை கழுவாம வைச்சிருக்கிறா. வாறியோ இல்லையோ, கெதியாப் பதில் போடு.